ஒன்பது வருடம் வீட்டிலேயே படிக்க வைத்த அப்பாவுக்கு

ஏப்ரல் 14 அன்று திண்டிவனத்தில் அண்ணல் பிறந்தநாள் கூட்டம். பெரிய கூட்டம் இல்லை, ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். மாலை போட்டாயிற்று, பேச வேண்டியவர்கள் பேசியாயிற்று. டீ வருவதற்குள் யாராவது கேள்வி கேட்கலாம் என்று சொன்னோம். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஊர்க் காலனிக்காரர், ஒரு அலுவலகத்தில் எழுத்தர். பக்கத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"எம் பொண்ண நாலாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டேன் தோழர். அதுக்கப்புறம் நான்தான் வாத்தியார். ஒன்பது வருஷம். போன அக்டோபர்ல திறந்தநிலைப் பள்ளி மூலமா பன்னெண்டாவது எழுதி பாஸ் பண்ணிட்டா. என் வேல முடிஞ்சிது. ஆனா ஒரு கேள்வி மட்டும் உள்ள நிக்குது. அம்பேத்கர் படின்னாரு, படிக்க வச்சேன். ஆனா பள்ளிக்கூடத்துக்குப் போவாதன்னு நிறுத்திட்டேனே, அது தப்பா?"

ஏன் நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். கழிப்பறை கழுவ வாளியைத் தூக்கச் சொன்னது காலனியிலிருந்து போன நாலு பிள்ளைகளை மட்டும். மகள் வீட்டில் சொல்லவில்லை. கையில் பினாயில் வாடை அடித்ததை அவள் அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார். இவர் போய்க் கேட்டார். "எல்லாப் பிள்ளைங்களும்தான் செய்யுது" என்று பதில் வந்தது. மறுநாள் மகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "உங்கப்பா என்ன பெரிய கலெக்டரா?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மறுநாள் அவள் போகவில்லை. அதன் பிறகு போகவே இல்லை.

கூட்டம் கை தட்டியது. கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "அப்ப நாம எல்லாருமே இப்படிச் செஞ்சா என்ன தோழர்? அவமானப்பட்டுத்தான் படிக்கணுமா?" என்று கேட்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

எனக்கு அன்று பதில் வரவில்லை. டீ வந்துவிட்டது, தப்பித்தேன். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி அல்ல என்பது வீடு திரும்பும் வழியில் புரிந்தது. அப்பா கேட்டது, தான் செய்தது சரியா என்று. மாணவர் கேட்டது, அதை நம் எல்லோருக்குமான வழியாக வைத்துக்கொள்ளலாமா என்று. முதல் கேள்விக்கு என் பதில்: நீங்கள் செய்தது தப்பில்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் முரண்பாடாகத் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நம் வீடுகள் எப்போதும் வகுப்பறைகள்தான்

முதலில் அந்த அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தனி ஆள் இல்லை. உங்களுக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சுபேதார் ராம்ஜி சக்பால்.

பீமராவ் சதாராவில் படித்தபோது உட்காரக் கோணிப்பையை வீட்டிலிருந்து எடுத்துப் போனார். தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். இது நமக்கெல்லாம் தெரியும். அதே பிள்ளைக்கு வீட்டில் இன்னொரு பள்ளி நடந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ராம்ஜி ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளைத் தானே உட்கார வைத்து மொழியும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர். பம்பாய் பரேலில் குடும்பம் ஒற்றை அறையில் இருந்தது. அந்த அறையில் மகனைச் சீக்கிரம் தூங்கவைத்து, அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க உட்கார வைத்தார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் காசில்லாத நாட்களில், கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைத்தார். பென்ஷன் வந்ததும் மீட்டுக் கொடுத்தார்.

1913 பிப்ரவரி 2ஆம் தேதி ராம்ஜி இறந்தார். அதே ஆண்டு நடுவில் மகன் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். வகுப்பு நடத்திய அப்பா தன் மாணவன் எங்கே போய் நின்றான் என்பதைப் பார்க்கவே இல்லை. உங்களுக்குப் பார்க்கக் கிடைத்திருக்கிறது. அதற்காக நாங்கள் எல்லோரும் மகிழ்ச்சி அடைய வேண்டும்.

ஆனால் ராம்ஜியிடம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும், சொல்லிக் கொடுக்கவும் தெரியும். பள்ளியில் மகன் படும் அவமானமும் தெரியும். இருந்தும் மகனைப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. இரவு இரண்டு மணி வகுப்பு, பகல் பத்து மணி வகுப்பில் அவனை யாரும் கீழே தள்ள முடியாதபடி நிறுத்துவதற்காக நடந்தது. வீடு பள்ளிக்கு மாற்றாக இருக்கவில்லை. பள்ளிக்குள் நிற்பதற்கான தெம்பை வீடு கொடுத்தது.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூர் பள்ளி நாட்களைச் சொல்கிறார். அந்தப் பள்ளியில் சுமார் நானூறு பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி, குடியிருக்கும் இடம் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கும்வரை வெளியே எங்கேயோ இருந்து படித்திருக்கிறார். மணி அடித்த பிறகுதான் உள்ளே நுழைவார். வகுப்பு விட்டதும் மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்காதபடி வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். கூடி விளையாட ஆசை, ஆனால் விளையாடியதில்லை. பிற்காலத்தில் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவரின் பள்ளிப் பருவம் இது.

அவர் பயத்தோடுதான் போனார். ஆனாலும் போனார். நாம் அவமானத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து பாடம் எடுத்தால் அது மோசமான பாடம். நான் எடுக்கும் பாடம் வேறு. நம் முன்னோர்கள் எதற்காக அந்த வாசலில் நின்றார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி அரசாணை போட்டது. அடுத்த ஆண்டு ஆல்காட் அடையாறு பக்கம் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முன்னால் நம் பிள்ளைகளுக்கு இருந்தது என்ன? அதுவும் 'வீட்டுக் கல்வி'தான். மாடு மேய்ப்பது, நாற்று நடுவது, பண்ணையாரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டுவது. நம்மைப் பள்ளிக்கு வெளியே வைத்திருப்பது சாதியின் ஏற்பாடு. நூற்றிமுப்பது ஆண்டு கழித்து, அதே இடத்துக்கு நாமே போய் உட்கார்ந்து அதற்கு 'ஹோம் ஸ்கூலிங்' என்று பெயர் வைத்தால், சாதிக்கு ஒரு வேலை மிச்சம்.

யாருடைய வீடு?

நம் நாட்டில் ஹோம் ஸ்கூலிங் பற்றிப் பேசுகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பெங்களூர், புனே, சென்னை என்று பெருநகரத்தில் வசதியாக இருக்கும் குடும்பங்கள். பள்ளி பிள்ளையின் கற்பனையைக் கொல்கிறது, மதிப்பெண் எந்திரமாக்குகிறது என்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது கூடவே வீட்டில் நூலகம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, சொந்தக்காரர்களில் ஒரு டாக்டரும் ஒரு பேராசிரியரும் இருக்கிறார்கள். பள்ளி போனாலும் பள்ளி கொடுக்கும் எதுவும் போவதில்லை.

நம் அப்பா வீட்டில் என்ன இருந்தது? அவரிடமே கேட்டேன். வீட்டுச் சுவரில் ஆறடிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து அதுதான் கரும்பலகை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய சமச்சீர்ப் புத்தகங்கள். காலை ஐந்திலிருந்து ஏழு, அலுவலகம் போய்வந்து இரவு ஏழிலிருந்து ஒன்பது. பத்தாம் வகுப்புக் கணக்கு அவருக்கே மறந்துபோயிருந்தது. முதல் நாள் ராத்திரி தான் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பகலில் அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். ஒன்பது வருட நோட்டுகளும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

இதை எழுதும்போது என் கை கூசுகிறது. எவ்வளவு பெரிய உழைப்பு! ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: மாதச் சம்பளம், படித்த அப்பா, வீட்டிலிருந்து வேலை செய்யும் அம்மா, ஒரே பிள்ளை. நம் காலனியில் எத்தனை வீட்டில் இந்த நான்கும் சேர்ந்து இருக்கிறது? செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகும் இருளர் வீட்டில்? விடியற்காலை கரும்பு வெட்டப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீட்டில்?

இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நாமே கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். கிட்டத்தட்ட ஒன்றரை வருடத்துக்கு மேல் தமிழ்நாடு முழுக்க ஹோம் ஸ்கூலிங். என்ன நடந்தது? போன் இருந்த வீட்டுப் பிள்ளை பாடம் கேட்டது. ஒரே போன் இருந்த வீட்டில் அந்தப் போன் அப்பாவோடு வேலைக்குப் போனது. பையன்கள் சூளைக்கும் பெயின்ட் வேலைக்கும் போனார்கள். சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை.

அந்த இழப்பை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கியது நம் மாவட்டத்தில்தான், மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில். மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருவிலேயே வகுப்பு, தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அந்தத் திட்டத்தில் குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஆசிரியர் வேலை வாங்குவது நியாயமா என்று அன்றே கேட்டோம். ஆனால் நம் காலனிகளில் நான் பார்த்தது இது: டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த நம் பெண்கள் முதல்முறையாகத் தெருவின் நடுவில் நின்று பாடம் நடத்தினார்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு பிள்ளைக்கு நடக்கும் வகுப்பு வேறு. ஒரு தெருவில் இருபது பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பு வேறு.

வெளியே வந்தால் எதை எல்லாம் விடுகிறோம்

இளம் தோழர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும், உணர்ச்சியில் முடிவெடுக்கக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை. பதினான்கு வயது முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கும், அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்கும் எழுதலாம். ஆக, வழி இருக்கிறது. அந்த அப்பா அதைத் தேடிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறார்.

ஆனால் அந்த வழியில் போகும் நம் பிள்ளைக்குக் காலை உணவு இல்லை, மதிய உணவு முட்டை இல்லை. இலவச பஸ் பாஸ் இல்லை. பதினோராம் வகுப்பில் சைக்கிள் இல்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இல்லை. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. அதுவும் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 முதல் கிடைக்கும் புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் இல்லை. அந்த ஆயிரம் ரூபாய்க்காகவே மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வீடுகளை எனக்குத் தெரியும்.

பணக்கணக்கில் வராத இழப்பும் ஒன்று உண்டு. கூட்டம் முடிந்து அந்தப் பெண்ணிடம் பேசினேன். நன்றாகப் பேசுகிறாள், நிறையப் படித்திருக்கிறாள். உன் சிநேகிதி யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மூணாவதுல ஒருத்தி இருந்தா" என்றாள்.

வீடு பாதுகாப்பா?

"பள்ளியில் சாதி இருக்கிறது, வீட்டில் பாதுகாப்பு இருக்கிறது" என்றுதானே இந்த வாதம் நிற்கிறது? நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு படித்த நம் பையனைச் சக மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது உண்மை வெளியே வந்தது, புகார் போனது. ஆகஸ்ட் 9 இரவு அரிவாளோடு அவன் வீட்டுக்குள்ளேயே வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளியைவிட்டு ஒதுங்கினால் சாதி விட்டுவிடும் என்பது நம் ஆசை மட்டும்தான். நம் வீடு இருப்பது அதே ஊரில். ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் ஊரில் வீட்டுக் கதவு எவ்வளவு நேரம் தாங்கும்? கோயிலுக்குள் நாம் நுழையக் கூடாது என்று 2023இல் மேல்பாதியில் நடந்ததை விழுப்புரத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தகராறுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் இடம் ஒன்று உண்டென்றால் அது பள்ளிக்கூடம்தான். அந்த ஒரு இடத்தையும் நாமே காலி செய்து கொடுக்கலாமா?

அந்த நாங்குநேரிப் பையன், கையில் அத்தனை வெட்டோடு, அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதினான். 600க்கு 469. அவன் பாதி வழியில் நிற்கவில்லை.

அப்படியானால் என்ன செய்வது

பள்ளியைவிட்டு வராதே என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், நானும் அந்த ஆசிரியரும் ஒன்றுதான். "கழிப்பறையைக் கழுவிக்கொண்டே படி" என்று சொல்வதாகிவிடும். உள்ளே இருக்க வேண்டும் என்றால் உள்ளே சண்டை போட வேண்டும். அந்தச் சண்டை பிள்ளையின் வேலை இல்லை, நம் வேலை.

அந்த அப்பா தனியாகப் போய்க் கேட்டார். அங்கேதான் நாம் தோற்றோம். அவர் தோற்கவில்லை. அன்று அவரோடு பத்துப் பேர் போயிருந்தால்? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சமூகப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த தலைமை ஆசிரியை மேல் ஒரு தாய் புகார் கொடுத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி அந்தத் தலைமை ஆசிரியை கைதானார். சட்டம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் போகும் ஆள்தான் குறைச்சல்.

தெரிந்துகொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கல்வி நிலையத்துக்குள் நாம் நுழைவதைத் தடுப்பதையும் குற்றம் என்கிறது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. டிசி இல்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 14417க்கும் 1098க்கும் போன் போடலாம். போன் போட்டால் மட்டும் போதாது, எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிக்குப் பாதி பெண்கள். நம் மாநிலத்தில் தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. இந்தக் குழுவுக்கு ஆள் சேர்க்கும் நாளில் நம் காலனியிலிருந்து எத்தனை பேர் போகிறோம்? கூலியை விட்டுவிட்டுப் போக முடியாது என்பது உண்மை. அப்படியானால் அன்றைய கூலியைத் தெருவே சேர்த்துக் கொடுத்து நம் பெண்களை அனுப்பலாம். அம்பேத்கர் சிலைக்கு வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இது தெரியாதா?

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு கூடாது, ஆசிரியர்களை நியமிக்கும் இடத்தில் சாதிப் பெரும்பான்மையைக் கவனிக்க வேண்டும் என்று அதில் நிறைய இருக்கிறது. அதை எதிர்த்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். ஆதரிக்க வேண்டிய நாம் முழுதாகப் படித்தோமா? படிப்பு வட்டம் நடத்தும் தோழர்கள் இந்த மாதம் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதற்கும் வெளியூர் போக வேண்டாம். திண்டிவனம் ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளி இருக்கிறது. பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் சேர்ந்து கட்டியது. இருளர் மக்களுக்காக வழக்கு நடத்திய, பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அதே கைகள்தான் பள்ளியையும் கட்டின. இருக்கும் பள்ளி சரியில்லை என்றபோது அவர்கள் ஆளுக்கொரு வீட்டுக்குள் போகவில்லை. பலர் சேர்ந்து ஒரு பொதுப் பள்ளியைக் கட்டினார்கள்.

அண்ணனுக்கு

அண்ணா, ஒன்பது வயதுப் பிள்ளை கூனிக் குறுகி வீட்டுக்கு வந்து நின்றபோது, சமூகம் திருந்தட்டும், சட்டம் வரட்டும் என்று நீங்கள் காத்திருக்க முடியாது. தீப்பிடித்த வீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அப்பாவைக் கேள்வி கேட்க யாருக்கும் யோக்கியதை இல்லை, எனக்கும் இல்லை. நீங்கள் தப்புச் செய்யவில்லை.

ஆனால் "என் வேல முடிஞ்சிது" என்றீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று உங்கள் மகளோடு வாளி தூக்கிய மற்ற மூன்று பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டபோது நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். ஒருவன் எட்டாவதோடு நின்று சூளையில் இருக்கிறான் என்றீர்கள். மற்ற இருவர் பற்றிச் சொல்லவில்லை. உங்களைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை. அந்தக் கரும்பலகை ஆறடி நீளம் அண்ணா. அதற்கு முன்னால் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்த காலம் முடிந்தது. இனி மாலை ஏழு மணிக்குத் தெருப் பிள்ளைகள் உட்காரட்டும். பகலில் அவர்கள் பள்ளிக்குப் போகட்டும். பள்ளியில் யாராவது வாளியைக் கொடுத்தால் அன்று மாலை உங்களிடம் வந்து சொல்லட்டும். மறுநாள் நாம் எல்லோரும் சேர்ந்து போவோம். அந்த டிரங்குப் பெட்டியிலிருக்கும் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு

அந்தப் பெண் இந்த ஆண்டு அரசுக் கல்லூரியில் சேரப் போகிறாள். கிளம்பும்போது என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். முதலாவது, "ஒரு கிளாஸ்ல எத்தன பேரு இருப்பாங்க?" அறுபது பேர் இருக்கலாம் என்றேன். இரண்டாவது, "எந்த ஊருன்னு கேட்டா, ஊரு பேர மட்டும் சொன்னாப் போதுமா, தெருவும் சொல்லணுமா?"

மணி அடிக்கும்வரை வெளியே நின்ற தாத்தா இரட்டைமலையாரின் பயம் அப்படியே அந்தக் கேள்வியில் இருந்தது. அப்பா ஒன்பது வருடம் காப்பாற்றினார். ஆனால் அந்தப் பயம் எங்கும் போகவில்லை, கல்லூரி வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும், திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும், இன்னும் பல இடங்களிலும் படிக்கும் நீங்கள் இதை வாசிக்கிறீர்கள். கல்லூரி திறக்கும் முதல் வாரம் வாசலில் போய் நில்லுங்கள். தனியாக வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் எங்கே வாங்குவது, விடுதிக்கு யாரைப் பார்ப்பது, கேன்டீனில் எது சுமாராக இருக்கும் என்பதெல்லாம் சொல்லுங்கள். மதியம் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எந்த ஊர் என்று கேட்டால், முதலில் உங்கள் தெருவைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்புக்குப் பிறகு சிநேகிதி இல்லாத ஒரு பெண் அந்தக் கூட்டத்தில் வருவாள்.

ஜெய்பீம்.